மெல்போர்ன் எக்ஸிபிஷன் பில்டிங்: வெறும் ஹாலுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?

மார்ச் 29 (வாசகர் ஒருத்தர் கேட்டது)

ஃப்ளவர் ஷோ பாக்க கார்ல்டன் கார்டன்ஸ் போயிருந்தேன். எக்ஸிபிஷன் பில்டிங் வெளிய இருந்து பாக்க அரண்மனை மாதிரி இருக்கு, உலகப் பாரம்பரியச் சின்னம்னு வேற சொல்றாங்க. உள்ள போனா பூ அலங்காரத்த எடுத்துட்டா வெறும் ஹால். சிலை இல்ல, சிம்மாசனம் இல்ல, ஒண்ணுமே இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் இருக்கற லிஸ்ட்ல இதுவும் இருக்காம். சிட்டி நடுவுல இவ்வளவு எடத்த எதுக்கு அடைச்சு வச்சிருக்காங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 29, ராத்திரி

வெறும் ஹால்தான். அதனாலதான் இன்னிக்கும் நிக்குது. நாளைக்கு உக்காந்து எழுதறேன், இப்ப தூக்கம் வருது.

மார்ச் 30

சரி, மொதல்ல இருந்து வரேன். 1879 பிப்ரவரில அஸ்திவாரக் கல்லு, 1880 அக்டோபர் 1 திறப்பு விழா. ரெண்டு வருஷம் கூட முழுசா ஆகல. நம்ம ஊர்ல ஒரு ஃப்ளைஓவருக்கு பள்ளம் தோண்டி தகரம் அடைக்கவே அவ்வளவு நாள் ஆகும். டிசைன் ஜோசப் ரீட், மெல்போர்ன் டவுன் ஹாலும் ஸ்டேட் லைப்ரரியும் அவர் கைவரிசைதான். மேல இருக்கற டோமுக்கு இத்தாலில ஃப்ளாரன்ஸ் கதீட்ரல் மாடல், உயரம் 68 மீட்டர். அந்தக் காலத்துல இங்க தங்கம் கெடச்சு ஊரே பணத்துல மெதந்துட்டு இருந்துச்சு, லண்டன்காரனும் பாரிஸ்காரனும் உலகக் கண்காட்சி வைக்கறான் நாமளும் வைக்கணும்னு ஒரு வீம்பு. வந்த நாடுகள்ல நம்ம பக்கத்து சரக்கும் உண்டு, கல்கத்தா டீ வியாபாரிங்க இந்தியன் டீய கொண்டாந்து சீனா டீ குடிச்சிட்டு இருந்த ஊருக்கு பழக்கிவிடப் பாத்தாங்க.

கட்டின கான்ட்ராக்டர் பேர் டேவிட் மிட்செல். இவரோட பொண்ணுதான் பின்னாடி உலகப் புகழ் பெற்ற ஆபரா பாடகி நெல்லி மெல்பா. மெல்போர்ன்ங்கற பேர்ல இருந்துதான் மெல்பான்னு வச்சுக்கிட்டாங்க. ஹோட்டல்ல பீச் மெல்பான்னு ஐஸ்க்ரீம் வருதே, அது இந்தம்மா பேர்லதான். ஆக அப்பா கட்டினது இன்னும் நிக்குது, பொண்ணு பேரு கரண்டில உருகிட்டு இருக்கு.

விஷயத்துக்கு வரேன். கண்காட்சி 1881 ஏப்ரல் 30 முடிஞ்சுபோச்சு. மொத்தமே ஏழு மாசம். பின்னாடி தற்காலிகமா போட்டிருந்த கொட்டகைங்கள பிரிச்சுட்டாங்க, முன்னாடி இருக்கற பெரிய ஹால மட்டும் நிரந்தரமா வச்சுக்கிட்டாங்க. மறுநாள் காலைலயே 'இத வச்சு இனிமே என்ன பண்றது'ங்கற கேள்வி ஆரம்பிச்சிருக்கும். 140 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒவ்வொரு தலைமுறையும் அதையே கேட்டு ஒவ்வொரு பதில் சொல்லிட்டு இருக்கு.

சிட்னி கதை தெரியுமா? போட்டிக்கு அவங்க ஒரு வருஷம் முன்னாடியே, 1879ல, கார்டன் பேலஸ்னு ஒண்ணு எட்டு மாசத்துல கட்டினாங்க. பெரும்பாலும் மரம். 1882 செப்டம்பர்ல ஒரு நாள் விடியக்காலைல மொத்தமா எரிஞ்சு போச்சு. உள்ள வச்சிருந்த பூர்வகுடி மக்களோட கைவினைப் பொருள், மக்கள்தொகை கணக்கெடுப்பு காகிதம், எல்லாம் சாம்பல். லண்டன் கிரிஸ்டல் பேலஸும் 1936ல அப்படியே போச்சு. அந்தக் காலத்துக் கண்காட்சிக் கட்டடங்கள்ல மிச்சம் இருக்கறது ரொம்பக் கொஞ்சம். லிஸ்ட்ல சேத்ததுக்கு அதுதான் முக்கியக் காரணம். 2004ல சேத்தாங்க, ஆஸ்திரேலியாவுல ஒரு கட்டடத்துக்கு அந்த அந்தஸ்து கெடச்சது அதான் மொதல் தடவ. சிட்னி ஆபரா ஹவுஸ் அதுக்கு மூணு வருஷம் கழிச்சுதான்.

மார்ச் 31

எனக்கு ஏன் இவ்வளவு கரிசனம்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நான் அங்க பரீட்சை எழுதினவன் சார்.

2003 ஜூன். இங்க படிக்க வந்து நாலு மாசம்தான் ஆச்சு. எக்ஸாம் டைம்டேபிள்ல இடம்ங்கற எடத்துல ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்னு போட்டிருந்துச்சு. ஏதோ கண்காட்சிக்கு கூட்டிட்டுப் போறாங்க போலன்னுதான் மொதல்ல நெனச்சேன், சத்தியமா. போய்ப் பாத்தா நூத்துக்கணக்குல டெஸ்க், கோடு போட்ட மாதிரி வரிசை, ஒவ்வொண்ணுலயும் நம்பர். பைய ஓரமா குவியல்ல போட்டுட்டு, அந்தக் குவியல்ல திரும்ப எப்படித் தேடப் போறோம்ங்கற கவலையோட உக்காந்தேன். ஜூன்னா இங்க குளிர்காலம், அவ்வளவு ஒசரமான ஹால்ல சூடு எங்க நிக்கும், வெரல் வெறச்சுப் போச்சு. மரத் தரை வேற. மேற்பார்வைக்கு நடக்கறவங்க ஒவ்வொரு அடிக்கும் கிரீச் கிரீச்னு சத்தம், அந்த சத்தம் மேல டோம் வரைக்கும் போய்ட்டு வரும். யாராவது நாற்காலிய இழுத்தா மொத்த ஹாலும் திரும்பும்.

எழுதிக்கிட்டே இருக்கும்போது பேப்பர் தீந்துபோச்சு. பழக்க தோஷத்துல கைய தூக்கி "அடிஷனல் ஷீட்"னு கேட்டேன். அந்தம்மா முழிச்சாங்க. கட்டுறதுக்கு நூல் எங்கன்னும் கேட்டு வச்சேன். அவங்க என்ன நெனச்சாங்களோ, டாய்லெட் போகணுமான்னு கேட்டாங்க. கடைசில இன்னொரு முழு புக்கே குடுத்துட்டுப் போனாங்க.

பதில் வராதபோது நிமிந்து பாப்போம்ல, அப்ப பாத்தா டோமுக்குக் கீழ வளைவுல லத்தீன்ல "ஆடே சாபேரே"ன்னு எழுதியிருக்கு. அறியத் துணின்னு அர்த்தம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. புள்ளியியல் பேப்பர்ல நாலாவது கேள்விய வெறும் பேப்பரா விட்டவன் தலைக்கு மேல அது.

இன்னொரு விஷயம், நான் மட்டும் இல்ல, 1950கள்ல இருந்தே ஸ்கூல் பசங்க பப்ளிக் எக்ஸாம் எழுதின எடம் அது. இந்த ஊர்ல வயசானவங்க கிட்ட இந்த பில்டிங் பேரச் சொன்னா பாதிப் பேருக்கு வயித்த கலக்கும்.

ஏப்ரல் 1

ஏப்ரல் ஃபூல் இல்ல, நெஜம்: அந்தக் கட்டடத்தோட ஒரு பகுதில மீன் காட்சியகம் இருந்துச்சு, 1885ல திறந்தது. 1953ல தீப்பிடிச்சு எரிஞ்சது. ஆமா, மீன் காட்சியகம். தீ.

ஏப்ரல் 3

இந்தக் கட்டடத்துல நடந்ததுலயே பெரிய நிகழ்ச்சின்னா 1901 மே 9. ஆறு காலனியும் சேந்து ஆஸ்திரேலியான்னு ஒரு நாடாச்சே, அதோட மொதல் பார்லிமென்ட திறந்து வச்சது இந்த ஹால்லதான். திறந்தது பின்னாடி அஞ்சாம் ஜார்ஜ் ஆனவர், அப்ப இளவரசர். பன்னெண்டாயிரம் பேர் கிட்ட கூடியிருந்தாங்க, அவ்வளவு பேர் கொள்ற எடம் ஊர்ல வேற இல்ல. டாம் ராபர்ட்ஸ் அத ஒரு பெரிய ஓவியமா வரைஞ்சார், அஞ்சு மீட்டர் அகலம், கான்பெரால பார்லிமென்ட்ல மாட்டியிருக்கு. நான் போய்ப் பாத்திருக்கேன். எல்லாரும் கருப்புல நிப்பாங்க, ஏன்னா விக்டோரியா மகாராணி அந்த ஜனவரிலதான் செத்துப்போயிருந்தாங்க. ஒரு நாடு பொறந்த நாளு படம் பாத்தா எழவு வீடு மாதிரி இருக்கும்.

அந்தப் பார்லிமென்ட் இதே ஹால்ல உக்காந்து அதே வருஷம் கடைசில போட்ட சட்டம்தான் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் ஆஸ்திரேலியா கொள்கைக்கு அதான் ஆணிவேர். நேரடியா 'கருப்பன் வராத'ன்னு எழுதாம நைசா ஒரு பரீட்சை வச்சாங்க. கப்பல்ல இருந்து எறங்கறவன் கிட்ட ஆபீசர் அம்பது வார்த்தைய ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழில வாசிப்பார், கேட்டு எழுதணும். எந்த மொழின்னு முடிவு பண்றது ஆபீசர். உனக்கு இங்கிலீஷ் தெரியுமா, அப்ப ஸ்வீடிஷ்ல எழுது. 1934ல எகான் கிஷ்னு ஒரு பத்திரிகையாளர், வெள்ளைக்காரர்தான், ஆனா அரசியல் புடிக்கல. அவருக்கு மொழிங்க நெறைய தெரியும்ங்கறதால ஸ்காட்லாந்து கேலிக்ல டெஸ்ட் வச்சு ஃபெயில் ஆக்கினாங்க. அது கோர்ட்டுக்குப் போய், இந்தச் சட்டத்துக்கு அதெல்லாம் ஐரோப்பிய மொழி ஆகாதுன்னு ஹை கோர்ட் சொல்லிடுச்சு. இந்தக் கூத்து 1958 வரைக்கும் நடந்துச்சு. நம்மாளுங்க பிரிட்டிஷ் பிரஜைன்னு பேப்பர் வச்சிருந்தாலும் இதுல தப்ப முடியாது.

நான் நூல் கேட்ட அதே ஹால். நூறு வருஷம் முன்னாடின்னா என்னய துறைமுகத்துலயே அம்பது வார்த்தைல ஃபெயில் ஆக்கியிருப்பான். இத நெனச்சா ஒரு மாதிரி இருக்கு, ஆனா என்ன மாதிரின்னு சொல்லத் தெரியல.

ஏப்ரல் 4

நேத்து எழுதினதுல தப்பு. ஒருத்தர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. இந்த ஹால்ல நடந்தது திறப்பு விழா மட்டும்தான். அதுக்கப்புறம் மத்தியப் பார்லிமென்ட் ஸ்ப்ரிங் ஸ்ட்ரீட்ல இருக்கற விக்டோரியா மாகாணப் பார்லிமென்ட் கட்டடத்துக்குப் போயிடுச்சு, சட்டம் போட்டதெல்லாம் அங்கதான். ஹால்ல உக்காந்து போட்டாங்கன்னு நான் எழுதினது கதை நல்லா அமையணும்ங்கற ஆசைல கை தானா எழுதினது. மாத்தாம அப்படியே விடறேன், அப்பதான் இந்தக் குறிப்பு புரியும்.

ஆனா உண்மை இன்னும் தமாஷ். மாகாணப் பார்லிமென்ட் என்னாச்சு? அவங்க மூட்டை கட்டிக்கிட்டு இந்த எக்ஸிபிஷன் பில்டிங்கோட மேற்குப் பக்கக் கட்டடத்துக்கு குடி வந்துட்டாங்க. கான்பெரா ரெடியாகி 1927ல மத்தியப் பார்லிமென்ட் கெளம்பற வரைக்கும், 26 வருஷம். சொந்த வீட்ட விருந்தாளிக்கு விட்டுட்டு ஓனர் திண்ணைல படுத்த கதை.

அப்புறம் கொடி. 1901ல தேசியக் கொடிக்கு டிசைன் போட்டி வச்சாங்க, 32,823 டிசைன் வந்துச்சு. அத்தனையையும் பரப்பி வைக்க எடம் வேணுமே, எங்க? இங்கதான். செப்டம்பர் 3ல ஜெயிச்ச கொடிய டோம் மேல ஏத்தினாங்க.

ஏப்ரல் 10

இந்த ஹால்ல நான் தடுப்பூசி போட்டுக்கிட்ட கதையயும் எழுதணும்னு இருந்தேன், ஆபீஸ் வேலைல விட்டுப்போச்சு.

2021 ஜூன் ஆரம்பம், ஊரு லாக்டவுன்ல கெடக்கு. நாப்பது வயசு தாண்டினவங்களும் போட்டுக்கலாம்னு அப்பதான் அறிவிச்சாங்க. எங்க போடறாங்கன்னு பாத்தா எக்ஸிபிஷன் பில்டிங். 18 வருஷம் கழிச்சு அதே வாசல்ல, அதே குளிர்ல, கியூவுல நிக்கறேன். உள்ள அதே மாதிரி வரிசை, அதே மாதிரி நம்பர். டெஸ்க்குக்கு பதிலா தடுப்பு போட்ட பூத். ஊசி போட்டதும் பதினஞ்சு நிமிஷம் உக்காரணும்னு இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தாங்க. யாரும் யார் கூடயும் பேசல, எல்லாரும் போன பாத்துட்டு இருந்தாங்க, மாஸ்க். நான் மட்டும் நிமிந்து பாத்தேன். 'ஆடே சாபேரே' அங்கயேதான் இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் நான் மயக்கம் போடப் போறேன்னு நெனச்சு நர்ஸ கூப்பிட்டுட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, 1919ல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தப்ப இதே ஹால்தான் ஆஸ்பத்திரி. ஊர்ல இருந்த ஆஸ்பத்திரி பத்தாம கட்டில்கள இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க. பதினெட்டு வருஷம் முன்னாடி இளவரசர் நின்ன எடத்துல கட்டில். இளவரசருக்கும் ஃப்ளூ வார்டுக்கும் நடுவுல 18 வருஷம், என் பரீட்சைக்கும் ஊசிக்கும் நடுவுல 18 வருஷம். இதுல ஒரு அர்த்தமும் இல்ல, சும்மா கணக்கு பொருந்துதுன்னு சொன்னேன்.

இன்னும் இருக்கு. மொதல் உலகப் போர் நினைவுப் பொருளெல்லாம் 1922லேர்ந்து 1925 வரைக்கும் இங்க காட்சிக்கு வச்சாங்க. ரெண்டாம் உலகப் போர்ல விமானப்படை வந்து தங்குச்சு. அப்புறம் ஐரோப்பாவுல இருந்து வந்த அகதிகளுக்கும் குடியேறினவங்களுக்கும் இதோட பின்பக்கத்துல தங்குமிடம். 1956 ஒலிம்பிக்ஸ்ல மல்யுத்தம், பளுதூக்குதல், பாஸ்கெட்பால் இங்க. கார் கண்காட்சி, படகு கண்காட்சி, வாராவாரம் டான்ஸ். டோமுக்குக் கீழ நூறு கிலோவ தூக்கி டம்முனு போட்டா அந்த மரத் தரை என்ன பாடு பட்டிருக்கும்.

ஏப்ரல் 12

மொத நாள் 'வெறும் ஹாலா இருந்ததாலதான் நிக்குது'ன்னு பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். யோசிச்சா பாதிதான் சரி.

எதுக்கு வேணா உபயோகப்படும்னு இருந்தா, யாருக்கும் சொந்தம் இல்லாத மாதிரியும் ஆயிடுது. பொதுச் சத்திரம் மாதிரி, எல்லாரும் தங்குவாங்க, ஓடு மாத்த ஒருத்தன் வரமாட்டான். 1940கள்ல இதுக்கு வெள்ளை யானைன்னு பேர் வச்சுட்டாங்க. 1948ல இடிச்சுட்டு அரசாங்க ஆபீஸ் கட்டலாமான்னு மெல்போர்ன் சிட்டி கவுன்சில்ல ஓட்டுக்கே விட்டாங்க. மயிரிழைலதான் தப்பிச்சுது. அன்னிக்கு ரெண்டு மூணு பேர் டீ குடிக்க வெளிய போயிருந்தா இந்தப் பேச்சே இல்ல. (டீ என் கற்பனை, ஓட்டு நெஜம்.)

தப்பிச்சதும் முழுசா இல்ல. நீங்க இப்ப பாக்கறது நடு உடம்பு மட்டும்தான். மீன் காட்சியகம் இருந்த பக்கம் தீயில போச்சு. மாகாணப் பார்லிமென்ட் உக்காந்த மேற்குக் கட்டடமும் இப்ப இல்ல. பெரிய பால்ரூம் ஒண்ணு இருந்துச்சு, அத 1979ல இடிச்சாங்க, ஊரே கத்துச்சு. அந்தக் கூச்சலுக்கு அப்புறம்தான் மிச்சத்தயாவது காப்பாத்தணும்னு அரசாங்கத்துக்கு உறைச்சுது. 1980ல, நூறாவது வருஷம், 'ராயல்'ங்கற பட்டம் குடுத்தாங்க. 1990கள்ல உள்சுவத்துல அடுக்கடுக்கா அடிச்சிருந்த பெயிண்டுக்கு அடில இருந்ததப் பாத்து 1901ல இருந்த மாதிரியே திரும்ப வரைஞ்சாங்க. ஆக, நான் பரீட்சைல நிமிந்து பாத்த அந்த எழுத்து 1901 டிசைன், ஆனா புது பெயிண்ட். பத்து வருஷம் முன்னாடி எழுதினவனுக்கு வெறும் சுவர்தான் தெரிஞ்சிருக்கும், எனக்கு புத்திமதி கெடச்சுது.

அதனால இப்ப என் கட்சி என்னன்னா: வாடகைக்கு விட்டதால இடிக்காம இருந்துச்சு, வாடகைக்கு விட்டதாலதான் சுத்தி இருந்ததெல்லாம் போச்சு. ரெண்டும் ஒரே காரணம்.

ஏப்ரல் 13

"ஃப்ளாட் கட்டலாமே"ன்னு இன்னொருத்தர் கமெண்ட் போட்டிருக்கார். போடுங்க சார். கீழ் வீட்டுக்காரர் பளு தூக்குவார்.

ஏப்ரல் 27

அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. சனிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். டோமைச் சுத்தி மேல ஒரு நடைபாதை இருக்கு, பழைய காலத்துல ஜனங்க ஏறி ஊரப் பாப்பாங்களாம், அப்புறம் ஆபத்துன்னு ரொம்ப வருஷம் பூட்டி வச்சிருந்தாங்க. 2022ல ரிப்பேர் பண்ணி திரும்ப விட்டிருக்காங்க. டிக்கெட் பக்கத்துல மியூசியத்துல. கைடு கூட்டிட்டுப் போவாங்க.

ஹாலுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா அண்ணாந்து கூட பாக்கல, நேரா அந்தக் கடைசி வரைக்கும் கண்ணால அளந்தாங்க. "ஏண்டா, ஒரே பந்தில ஆயிரம் பேர் உக்காரலாம் போலயே. கை கழுவ எங்க?" கைடு பொண்ணு என்ன சொல்றாங்கன்னு என்னைப் பாத்துச்சு. நான் மொழிபெயர்த்தேன். இங்க நெறைய விருந்து நடந்திருக்குன்னு அந்தப் பொண்ணு சந்தோஷமா சொல்லுச்சு. அம்மாவுக்கு அது போதும், அப்புறம் அது 'அந்த மண்டபம்' ஆயிடுச்சு. உலகப் பாரம்பரியம்னு எவ்வளவு சொல்லியும் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டு "ராஜா காலத்து கல்யாண மண்டபம்டி, உன் தம்பி அதுல பரீட்சை எழுதினானாம்"னுதான் சொன்னாங்க. யோசிச்சா நான் இங்க ரெண்டாயிரம் வார்த்தை எழுதினதவிட அது கரெக்டா இருக்கு.

படி நெறைய. அம்மா பாதில நின்னு மூச்சு வாங்கிட்டு, "இதுக்கு பழனியே தேவல, அங்க விஞ்ச் இருக்கு"ன்னாங்க. ஆனா மேல போனதும் பேசவே இல்ல. நான் தெற்கால கைய காட்டி, அங்கதான் பழைய ஜெயில், கீழ கண்காட்சி ஜேஜேன்னு நடந்துட்டு இருந்த 1880 நவம்பர்ல நெட் கெல்லின்னு ஒரு கொள்ளைக்காரன அங்க தூக்குல போட்டாங்க, ரெண்டு தெரு தள்ளின்னேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பாத்துட்டு, "அவனுக்கு இந்த பேண்டு சத்தம் கேட்டிருக்குமா"ன்னு கேட்டாங்க. எனக்கு இத்தன வருஷத்துல தோணாத கேள்வி.

மே 9

இன்னிக்கு தேதிய பாத்ததும் ஞாபகம் வந்துச்சு. ஆபீஸ் முடிஞ்சு அந்தப் பக்கமா நடந்து வந்தேன். 1901க்கு ஒரு மாலை மரியாதையும் கண்ணுல படல. தெற்கு வாசல் ஃபவுண்டன் பக்கம் ஒரு கல்யாண ஜோடி குளிர்ல நடுங்கிக்கிட்டே போட்டோ எடுத்துட்டு இருந்துச்சு, பொண்ணுக்கு தோள்ல கோட்டு, கேமராக்காரர் சொல்லும்போது மட்டும் கழட்டும். ரெண்டு லாரி பின்வாசல்ல நின்னு ஏதோ எறக்கிட்டு இருந்தாங்க, அடுத்த கண்காட்சிக்கு. மரத்துல இருந்து போசம்ங்கற பிராணி ஒண்ணு எறங்கி வந்து என் கைல இருந்த பஃப்ஸ மொறச்சுப் பாத்துச்சு. குடுக்கல, குடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு.

ஜூன் 2

மொத கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கார். அவர் தம்பி இப்ப இங்க படிக்க வந்திருக்கானாம், அடுத்த வாரம் அவனுக்கு அங்கதான் எக்ஸாமாம், என்ன எடுத்துட்டுப் போகணும்னு கேக்கறார். இடிச்சு ஃப்ளாட் கட்டச் சொல்லாதவரைக்கும் சந்தோஷம்.

தம்பிக்கு சொல்லுங்க: சாக்ஸ் ரெண்டு ஜோடி. பைய குவியல்ல ஓரமா வைக்கச் சொல்லுங்க, கைப்பிடில கலர் துணி ஏதாவது கட்டி. தண்ணி பாட்டில கீழ வைக்கும்போது மெதுவா, அந்தத் தரை காட்டிக் குடுத்துரும். மேல பாக்கறது தப்பில்ல, பதில் அங்க இல்ல, நான் பாத்துட்டேன். பேப்பர் தீந்தா கைய மட்டும் தூக்கினா போதும், அவங்களே புக் கொண்டாந்து தருவாங்க. நூல் கேக்க வேணாம்.